நாலு விரல்கடை வடக்கே

மதுரை மாநகரத்தை, காளவாசல் சிக்னலில் நிற்கிற பஸ்களோடும் வைகைப் பாலங்களோடும் சேர்த்து, வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் வடகிழக்கே தள்ளிக்கொண்டு போகிற ஆள் எங்கள் யூனுஸ் அண்ணன்தான். நம்பாதவர்கள் ஒத்தக்கடைக்கு வரலாம். அங்கே ஒரு காலேஜ் மொட்டை மாடியில் சிமெண்டுத் தூண் நிற்கிறது. அதன் தலையில் கவிழ்த்த வடைச்சட்டி மாதிரி ஓர் ஆன்டெனா. சாட்டிலைட் சிக்னலைப் பிடித்து, தான் நிற்கும் இடம் எவ்வளவு நகர்ந்தது என்று மில்லிமீட்டர் கணக்கில் அது சொல்லும்.

அந்தத் தூணைக் காப்பது அண்ணன் வேலை. காக்கா எச்சம் துடைப்பார். கீழே வந்து கம்ப்யூட்டரில் அன்றைய புள்ளியைப் பார்ப்பார். குஜராத்தில் புஜ் ஊர்ப்பக்கம் இதே மாதிரி இன்னொரு தூண் உண்டு. இரண்டுக்கும் நடுவே பூமிக்கடியில் பிளவுகள். தூரம் குறையக் குறையப் பிளவில் அழுத்தம் ஏறும். தாங்காத அன்றைக்குப் பாறை வழுக்கி ஊர் குலுங்கும்.

அப்படிக் குலுங்கிய ஒருநாள் இரண்டாயிரத்து ஒன்று, ஜனவரி இருபத்தாறு. ஜவுளி விற்கப் போன அவருடைய அண்ணன் அசீம் புஜ்ஜில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். அந்தத் தெருவே மண்ணாகிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. மூன்று பிடி மண் போட ஒரு கபர் இல்லை. யூனுஸ் அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது.

மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவப் போன என்னிடம், கேட்காமலே சொன்னார்.

"பன்னெண்டு வருஷமாப் பாக்குறேன் மாப்ள. எங்கண்ணனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு விரக்கடை தூரம் கொறஞ்சிருக்கு."

"அம்புட்டுத்தானாண்ணே? நத்தை கூட இதவிட வெரசாப் போகும்."

"எனக்கு அது போதும்டா. இந்தக் கோடு அறுந்துறாம இருக்கணும், அம்புட்டுத்தான்."

எனக்குப் போதவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஜும்மா தொழப் போன நேரத்தில் தூண்மேல் ஏறினேன். நட்டுகளைத் தளர்த்தி, ஆன்டெனாத் தட்டை நாலு விரல்கடை வடக்கே தள்ளி, மறுபடி முறுக்கினேன். நாற்பத்தெட்டு வருஷத்து வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. அவர் முகம் எப்படி மாறும் என்று திங்கட்கிழமை வரை காத்திருந்தேன்.

திங்கட்கிழமை கூப்பிட்டார். திரையில் பன்னிரண்டு வருஷத்துக் கோடு சாய்வாக ஓடிவந்து, கடைசியில் படிக்கட்டு ஏறின மாதிரி ஒரே தாவலாகத் தாவியிருந்தது.

"நெலம் நடுங்குச்சாண்ணே?"

"பக்கத்துல கொட்டாம்பட்டியிலயும் இதே மாதிரி ஒரு தூணு இருக்கு, அது அசையல. ஒத்தக்கடை மட்டும் வெள்ளிக்கெழம ஒண்ணே காலுக்கு எந்திரிச்சு நடந்திருக்கு. சரியா நான் ஜும்மாவுல இருந்த நேரம்."

"கொரங்கு ஏதாச்சும்…"

"கொரங்கு கழட்டும். திரும்ப முறுக்காது."

தாவிய இடத்தில் அண்ணன் சிவப்புக் கோடு போட்டார். அதற்கு அந்தப்பக்கம் பூஜ்யம் என்று அடித்தார்.

"பழைய எடத்துலயே வச்சுருவோம்ணே."

"மில்லிமீட்டர் பெசகாம இனி வைக்க முடியாதுடா. அந்த ஒரு விரக்கடை போச்சு. முதல்ல இருந்துதான்."

செய்தது யாரென்று தெரிந்தும் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நான்தான்னு எப்படிண்ணே…"

"அசீமப் பத்தி நான் இங்க சொன்னது உங்கிட்ட மட்டுந்தான். தள்ளுனவன் தெக்க தள்ளல, வடக்க தள்ளியிருக்கான்."

"குஜராத்து வடக்கதானண்ணே."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"வடமேக்கு, மாப்ள."