புதுத்துணிக் கட்டு

எலும்பு முறிந்தால் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் அதற்கும் கௌரவம் பார்த்தார்கள். நெசவுக்காரர் வீடல்லவா! கல்யாணமான மறுவருஷம் என் கணவர் தறிக்குழியில் இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது முன்கையை முறித்துக்கொண்டார். தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டக் கயிற்றை இழுக்கிற கை. அந்தக் கை ஓடினால்தான் எங்களுக்கு உலை கொதிக்கும்.

நானும் மாமியாரும் அவரைக் குற்றாலத்து வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கட்டுவதற்கு வைத்தியர் துணி கேட்டார். தறியிலிருந்து அறுத்து இன்னும் தண்ணீரே படாத புதுத்துணியை என் மாமியார் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"எம்புள்ள கைக்குக் கந்தலையா சுத்துவாக?"

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய வைத்தியர், தான் அவிழ்க்கும்வரை வேறு யாரும் கட்டைத் தொடக் கூடாது என்றார்.

சீசன் நேரம். குற்றாலம் வரை வந்துவிட்டு அருவியில் தலை காட்டாமல் திரும்பிய தென்காசிக்காரரை நான் கண்டதில்லை. இவரும் கையை வெளியே நீட்டியபடி ஓரமாக நின்றார். சாரல் ஓரம், நடு என்றெல்லாம் பார்க்குமா? கட்டு தொப்பலாக நனைந்தது. நனைந்தால் புதுத்துணி சுருங்கும் என்பது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். அன்று எங்கள் மூவர் புத்திக்கும் அது எட்டவில்லை.

ராத்திரி முழுக்க வலியில் துடித்தார். விடிந்து பார்த்தால் விரல்கள் வீங்கி, நீலம் பாரித்துக் கிடந்தன.

"கட்டை வெட்டிருவோம் அத்தை."

"சும்மா கெட, ஏட்டி. அவுத்தா எலும்பு எப்படிக் கூடும்?"

எனக்கும் அந்தப் பயம்தான். அவிழ்த்தால் கை கோணிவிடும். அவிழ்க்காவிட்டால் விரல்கள் என்ன ஆகுமோ. கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன்.

மதியம் அவர் சிரித்தார். "ஏட்டி, வலி நின்னுட்டு."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் என் கணவரின் சுண்டுவிரலைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. நகம் பதியக் கிள்ளினேன். அவர் பாட்டுக்கு அத்தையோடு பேசிக்கொண்டேயிருந்தார். அத்தை என்ன கத்தினாலும் கத்தட்டும் என்று குதிரைவண்டி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அத்தையும் கத்திக்கொண்டே கூட வந்தார்.

டாக்டர் கட்டை வெட்டினார். நாங்கள் நெய்த இழையெல்லாம் என் கணவர் தோலில் வரிவரியாகப் பதிந்திருந்தது.

"அடிபட்ட சதை வீங்கத்தான் செய்யும். தோலாவது கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும். உள்ளே சதையைச் சுத்தி ஒரு உறை இருக்கு, அது கொடுக்காது. வெளியே இந்தத் துணி வேற. வீக்கம் எங்கே போகும்? ரத்தக்குழாயையும் நரம்பையும் நசுக்கிடும்" என்றார்.

"எலும்பு கோணிருமே ஐயா?" என்றார் அத்தை.

"கோணினா நிமிர்த்தலாம்மா. சதை செத்தா செத்ததுதான்."



விரல்களை மடக்கச் சொன்னார் டாக்டர். கட்டைவிரல் அசைந்தது. ஆள்காட்டி விரலும் அசைந்தது. மற்ற மூன்றும் கிடந்த மேனிக்குக் கிடந்தன. என் கணவர் இடது கையால் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக மடக்கி, அழுத்திப் பிடித்து, டாக்டர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"மடங்குது பாருங்க ஐயா. நல்லா மடங்குது."

இடது கையை எடுத்ததும் மூன்றும் தொளதொளவென்று விழுந்தன.