மூன்று பேரில் ஒரு வாஸ்ட் மெஜாரிட்டி

இன்று மாலை எங்கள் பாளையங்கோட்டைத் தெருவின் குடியிருப்போர் சங்கக் கூட்டம். வேகத்தடை கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுத வேண்டும். வந்தது மூன்றே பேர்: நான், செயலாளர் அண்ணாச்சி, அவருடைய மச்சினர்.

பள்ளிக்கூட வாசலில் வேண்டும் என்றேன் நான். அண்ணாச்சி வீட்டு வாசலில் வேண்டும் என்றார்கள் மற்ற இருவரும்.

அண்ணாச்சி ஆங்கிலத்தில் எழுதினார்: தெருவின் 'வாஸ்ட் மெஜாரிட்டி' அவர் வீட்டு வாசலையே விரும்புகிறதாம்.

“அண்ணாச்சி, மூணுல ரெண்டு வெறும் மெஜாரிட்டிதான். நூத்துக்குத் தொண்ணூறு பேராவது சொன்னாத்தான் வாஸ்ட்.”

“வாஸ்ட் போடலேன்னா ஆபீசர் ஏறிட்டுப் பாப்பாரா வே? சரி, வாஸ்ட் போடலாமான்னு ஓட்டுக்கு விடுவோம்.”

இரண்டு கைகள் உயர்ந்தன.

“பாத்தீரா? இதுவும் வாஸ்ட் மெஜாரிட்டி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்க மச்சினருக்கு அம்பாசமுத்திரம். பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னு உக்காந்திருக்காரு. அவருக்கு இந்தத் தெருவுல ஏது ஓட்டு?”

“அவரு இந்தத் தெருவா இல்லையான்னு அதையும் ஓட்டுக்கு விட்டுருவோமா வே?”

கேட்டு முடிப்பதற்குள் மச்சினர் கையைத் தூக்கிவிட்டார்.

எங்கேயாவது ஒரு வேகத்தடை வந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உடனே அண்ணாச்சி வாஸ்ட் மெஜாரிட்டியை அடித்துவிட்டு, அதே ஆங்கிலத்தில் 'ஏகமனதாக' என்று மாற்றிவிட்டார்.

உங்கள் தெருவில் எத்தனை கை தூக்கினால் வாஸ்ட்?