விரிப்பை அப்படியே விட்டுப் போங்கள்

மலேசியாவின் ஈப்போவில் சுற்றுலா வருபவர்களுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விட்டு ஹோம்ஸ்டே நடத்தும் தமிழர்கள் கொஞ்சம் பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். நல்ல காலத்தில் அது சண்டைக் குழு. ஒருவர் வாடகையைக் குறைத்தால் மற்றவருக்கு வயிறு எரியும். பள்ளி விடுமுறை வந்தால் யாருடைய ஆளை யார் இழுத்துக்கொண்டார்கள் என்று குறுக்கு விசாரணை நடக்கும். ஆனால் ஒரே நாளைக்கு இரண்டு குடும்பங்களுக்கு வீட்டை ஒத்துக்கொண்டு யாராவது திருதிருவென்று விழித்தால், முதலில் ஓடி வருவதும் அதே ஆட்கள்தான். சாவியை வாசல் கேட்டில் தொங்கும் எண் பூட்டுப் பெட்டிக்குள் வைத்திருப்போம். ஒருவர் வீட்டுப் பூட்டின் எண் மற்றவருக்குத் தெரியும். அந்த அளவுக்கு நம்பிக்கை இருந்தது, அந்த அளவுக்குப் பொறாமையும் இருந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஹோம்ஸ்டேகாரர் இன்னொரு ஹோம்ஸ்டேகாரர் வீட்டில் தங்கினால், தங்கிய அடையாளமே தெரியக் கூடாது. அடுத்தவர் விட்டுப்போன அழுக்கைத் துடைத்தே கை தேய்ந்தவர்கள் நாங்கள். நம் அழுக்கை நம்மைப் போன்ற ஒருவர் துடைப்பது எங்களுக்குப் பெரிய மானப் பிரச்சினை. ஒருமுறை ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய், எங்கள் குழுக்காரர் ஒருவர் வீட்டில் எல்லோரும் தங்கினோம். காலையில் பசியாற யாரும் உட்காரவில்லை. ஒருத்தி தரையைத் துடைக்கிறாள், ஒருத்தி கழிவறையைத் தேய்க்கிறாள், வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நிற்கிறார். அன்றைக்கு எல்லோரையும் தோற்கடித்தது அக்காதான். நாங்கள் பல் விளக்கி முடிப்பதற்குள் விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. பாகான் டத்தோ பக்கம் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே ஈப்போவுக்கு வந்து, ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்து ஓய்ந்த பிறகு சொந்தமாக இரண்டு சின்ன வீடுகளை ஹோம்ஸ்டே ஆக்கியவர். மெத்தையின் மூலையில் விரிப்பை ஒரு மடி மடித்துச் செருகுவார் பாருங்கள், ஆள் புரண்டு படுத்தாலும் கலையாது. எனக்குப் பத்துத் தடவை காட்டியிருக்கிறார். எனக்கு வரவில்லை. "ஒனக்குப் பொறுமை இல்லம்மா, வாய்தான் இருக்கு" என்பார். உண்மைதான்.

பிறகு நோய் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு என்றார்கள், ஒரே வாரத்தில் எல்லா முன்பதிவும் போனது. அதுவரை எலியும் பூனையுமாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் காலையும் மாலையும் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தோம். சமைத்ததைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். குழுவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த வருடம் நோய் முற்றி, தொற்று உள்ளவர்கள் வீட்டிலேயே தனியாக இருக்கலாம் என்று அறிவித்தபோது, அவர்தான் கேட்டார்: தனியாக இருக்க வீட்டில் அறை வேண்டுமே, அது எத்தனை பேரிடம் இருக்கிறது? நம் வீடுகள் சும்மாதானே பூட்டிக் கிடக்கின்றன?

அப்படித்தான் எங்கள் வீடுகள் திறந்தன. சார் விதிகளை வகுத்தார். நோயாளி எதையும் கழுவக் கூடாது, துவைக்கக் கூடாது. போகும்போது எல்லாம் கிடந்தபடி கிடக்கட்டும், நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வோம். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கி வைத்தோம். வந்தவர்கள் யாரும் அந்த விதியை மீறவில்லை. விருந்தாளிக்கு விதியைச் சொன்னால் கேட்பான். ஹோம்ஸ்டேகாரருக்கு எவன் சொல்வது?

அக்காவின் இரண்டு வீடுகளிலும் ஆட்கள் இருந்த நேரத்தில்தான் அக்காவுக்குத் தொற்று வந்தது. சொந்த வீட்டில் இருக்க வழியில்லை. மருமகள் பிள்ளை பெற்று அப்போதுதான் வந்திருந்தாள். மகன் பேசுவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன், ஜெலாப்பாங்கில் என் வீடு காலியாக இருக்கிறது, கூட்டி வா என்று. அது பழைய வரிசை வீடு, ஒற்றை மாடி. துணி துவைக்கும் மெஷினும் பழசு. தண்ணீரைப் பிழியும்போது வீடே குலுங்குகிற மாதிரி கடகடவென்று ஆடும். தொற்று உள்ளவர் என்பதற்கு அடையாளமாக கிளினிக்கில் கையில் கட்டிய பட்டையோடு அக்கா வந்து இறங்கினார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு நான் சொன்னது ஒன்றுதான்: "அக்கா, துடைப்பத்தத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்." அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை, இருந்தாலும் வீட்டுக்குப் போனேன்.

முதல் வாரம் காய்ச்சல், பிறகு இருமல். குழுவில் ஆளுக்கொரு நாள் ரசம், கஞ்சி, மீன் சூப் என்று கொண்டுபோய் மாட்டினோம். அக்கா காலையும் மாலையும் கருவியைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார். எண் நன்றாகவே இருந்தது. கைப்பட்டையை வெட்டுகிற நாளும் நெருங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான், தப்பித்தோம் என்று நினைத்தோம்.

அன்று காலையில் சார் குழுவில் ஒரு செய்தி போட்டார். ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒருவருக்குத் தொற்று. அடுக்குமாடி வீடு, ஒரே அறை, சின்னப் பிள்ளைகள், மாமியார் சிறுநீரகம் கெட்டு ரத்தச் சுத்திகரிப்பில் இருக்கிறார். மனுஷன் வீட்டுக்குள் போகாமல் கீழே காரிலேயே படுத்திருக்கிறார். யார் வீடாவது சீக்கிரம் காலியாகுமா? இவ்வளவுதான். சார் யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் வந்த செய்திதான் அக்காவுக்கும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் படம் வந்தது. எண் முந்தின நாளைவிட இறங்கியிருந்தது. உடனே கூப்பிட்டேன். அக்கா பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. அதற்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம்.

"அக்கா, என்ன சத்தம் அது?"

"காத்தாடிம்மா."

"என் மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா? நிறுத்துங்க அக்கா. ஒக்காருங்க."

"கடேசி தண்ணிதான் லா ஓடுது. கொடியில போட்டுட்டு ஒக்காந்துர்றேன்."

நான் கத்தினேன். போனிலேயே கத்தினேன், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அங்கேயும் கத்தினேன், காரை எடுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் ஆளில்லாத காரில் கத்திக்கொண்டே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டின் பக்கவாட்டுக் கொடியில் என் வெள்ளை விரிப்புகள் சுருக்கம் இல்லாமல் தொங்கின. கேட்டில் நின்று கூப்பிட்டேன். வாரேன் என்று உள்ளேயிருந்து கை மட்டும் அசைந்தது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. அந்த நாட்களில் எங்கும் தாமதம்தான், யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

தலைமுதல் கால்வரை மூடிய இருவர் இறங்கி, தள்ளுபடுக்கையை இறக்கினார்கள். அக்கா அதற்குள் தன் பையைத் தூக்கிக்கொண்டு தானே நடந்து வெளியே வந்துவிட்டார். உதடு கருநீலமாக இருந்தது. திரும்பிக் கதவைப் பூட்டினார். கேட்டுக்கு வந்து சாவியைப் பெட்டிக்குள் போட்டு, மூடி, எண் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார். ஆம்புலன்ஸ்காரர் மலாயில் சீக்கிரம் வாங்க என்று கெஞ்சினார். ஒரு சக்கரம் நகராமல் நின்றது, அதையும் விடவில்லை. அதன் பிறகுதான் படுக்கையில் உட்கார்ந்தார். சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாம் முடிச்சிட்டேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம். கார்ல படுத்திருக்காரே, அவர வரச் சொல்லிரு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியாது.

வண்டி போன பிறகு முகக்கவசத்தின் மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, கையுறையோடு உள்ளே போனேன். தரையில் எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசம். கழுவிய பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன. துண்டுகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. படுக்கையில் அலமாரியிலிருந்து எடுத்த புது விரிப்பு, நான்கு மூலையிலும் அந்த மடிப்பு. விருந்தாளி வரும் நாளில்கூட என் வீடு அப்படி இருந்ததில்லை.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மட்டும் நாற்காலிகள் இல்லை. தேடினேன். ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்று குளியலறை வாசலில். ஒன்று துணி மெஷினுக்கு எதிரே. ஒன்று பின்கதவை ஒட்டி, கொடி தெரிகிற இடத்தில். கொஞ்சம் வேலை செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்கிறார், மறுபடியும் உட்கார்ந்திருக்கிறார். அவற்றை மட்டும் திரும்பத் தூக்கிக்கொண்டு வர அவருக்குத் தெம்பில்லை. அந்தப் பின்கதவு நாற்காலியைப் பார்த்துத்தான் நான் அழுதேன். அழுகையோடு திட்டவும் திட்டினேன். யார் கேட்டது உங்களை? இந்த வீட்டை நான் துடைத்துக்கொள்ள மாட்டேனா?

அன்று சாயங்காலமே அந்தத் தொழிற்சாலை ஆளை வரச் சொன்னேன். அக்கா போட்ட படுக்கையில் இன்னொருவர் படுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்கா சொன்னது அதைத்தான். நாற்காலிகளை நகர்த்தாமல் விட்டுவிட்டேன். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன்: விரிப்பை அப்படியே விட்டுப் போங்கள். போதாதென்று போன் செய்தும் மிரட்டினேன், அண்ணே, ஒரு கரண்டியைக் கழுவினாலும் எனக்கும் உங்களுக்கும் பேச்சு கிடையாது என்று. பாவம், என்ன பொம்பளை இவள் என்று நினைத்திருப்பார்.

அவர் அந்த வீட்டில் இருக்கும்போதே அக்கா இறந்துபோனார். மருத்துவமனையில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள், பிறகு ஒருநாள் மகன் போன் செய்தான், அவன் அழுவதிலிருந்தே தெரிந்துவிட்டது. மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்க்கத்தான் அவனுக்கும் அனுமதி. எங்களில் யாரும் போக முடியவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். பாதியில் கோபம் வந்து நிறுத்திவிட்டேன். வேலை செய்யாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மகன் டாக்டரைக் கேட்டானாம். அப்படிச் சொல்ல முடியாது என்றாராம் அவர். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாகவும் இல்லை, ஆறுதல் இல்லாமலும் இல்லை. சார் அன்று காலையில் போட்ட செய்தியைக் குழுவிலிருந்து அழித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அதைப் படித்தவர்கள்தான். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, அவரும் அதற்குப் பிறகு குழுவில் அதிகம் எழுதவில்லை.

தொழிற்சாலைக்காரருக்கு அக்காவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் எண்ணை மட்டும் கேட்டேன். எண் இறங்கவே இல்லை. பட்டையை வெட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய அன்று கூப்பிட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணையும் தொடல. வீடு கிடக்கிற கெதியப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு."

"நல்லது அண்ணே," என்றேன். "வீட்டுக்குப் போயி பிள்ளைங்களப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். அப்பா, என்ன அழுக்கு. தொட்டியில் மைலோ கறையோடு கோப்பைகள். மேசையில் மீஹூன் நூடுல்ஸ் கட்டிவந்த பொட்டலத் தாள், எறும்பு வரிசை கட்டியிருந்தது. குளியலறை வாசல் நாற்காலியில் ஈரத் துண்டு. தலையணை தரையில் கிடந்தது, விரிப்பு சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. வேறு நாளாக இருந்தால் வந்தவனின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அதையெல்லாம் ஆசை தீரப் பார்த்தேன். ஒரு ஆள் உயிரோடு எழுந்து தன் வீட்டுக்குப் போயிருக்கிறான். அக்காவும் இப்படிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

விரிப்பை உருவினேன். மூன்று மூலை ஏற்கெனவே கழன்றிருந்தது. கால்மாட்டில், சுவரோரத்தில் ஒரு மூலை மட்டும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். அத்தனை நாள் ஒரு ஆள் புரண்டு படுத்தும் அக்காவின் மடிப்பு கலையாமல் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இழுத்து எடுத்து, மெஷினில் போட்டு, அது ஆடி முடிக்கும் வரை எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.