செவ்வரத்தைக்கு வெயில்

பொரளையில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் ஊசி போட என் கையில் ஸ்பிரிட் தடவியதும், சிறுவயதில் நாங்கள் இருந்த வெள்ளவத்தை வீட்டுக் குசினி மணத்தது.

அங்கேதான் அக்கா பள்ளிக்கூடச் சோதனைக்காக, ஜன்னலடிப் பூச்சட்டியில் நின்ற செவ்வரத்தையின் இலையை ஸ்பிரிட்டில் போட்டு, அந்தக் கோப்பையைச் சுடுதண்ணீரில் வைத்தாள். பச்சை முழுவதும் ஸ்பிரிட்டுக்குள் இறங்கியது. வெளுத்த இலையில் அயடீன் விட்டாள். இலை மாப்பொருள் செய்திருந்தால் கருநீலமாக வேண்டும். ஆகவில்லை.

"அயடீன் பழசாயிருக்கும்," என்றார் அப்பா.

அக்கா சோற்றுப் பருக்கையில் ஒரு துளி விட்டாள். உடனே கறுத்தது.

"அயடீனில பிழையில்லை. இலையில பச்சையம் இருக்கு, வெயில்தான் இல்லை. செடி பட்டினி கிடக்குது, அப்பா."

வெயில் எப்படி வரும்? கலவரத்துக்குப் பிறகு அப்பா ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். தமிழர் வீடென்று தெருவுக்குத் தெரியக் கூடாதாம். எங்களை இப்படி இருட்டில் இருக்க வைத்த கலவரக்காரரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றி எரிகிறது.

"காகிதத்தை எடுத்தா ஆக்கள் பார்ப்பினம், பிள்ளை."

"பார்க்கட்டும். நாங்கள் களவெடுத்தனாங்களே?"

அப்பா ஜன்னலடிக்குப் போனார். பூச்சட்டிக்கு நேரே உள்ளங்கை அளவு காகிதத்தை நகத்தால் சுரண்டினார். சில நாள் கழித்து அக்கா இன்னொரு இலையைச் சோதித்தாள். கருநீலம். அப்பா அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு குசினிக் கத்தியை எடுத்து மிச்சக் காகிதத்தையும் சுரண்டத் தொடங்கினார்.

"முடிஞ்சுது, அங்கிள்," என்றாள் நர்ஸ். ஜன்னலில் தடித்த திரை தொங்கியது.

"அதைத் திறந்து விடுங்கோ, மிஸ்."

"கண் கூசும்."

"கூசட்டும்," என்றேன்.