புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு பிரேசில் அண்டா

போன சனிக்கிழமை எங்கள் ஊரில் ஒரு பிரேசில் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். செஞ்சியிலா என்று கேட்காதீர்கள். செஞ்சியில்தான்!

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. பிழைக்க வந்தவர்களெல்லாம் கடை போட்டிருக்கும் தெரு. பீகார் பானிபூரி, நேபாள மோமோ, ராஜஸ்தான் ஜிலேபி, மலையாளி டீக்கடை... சாயங்காலம் ஆனால் என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். ‘இந்த வயசில் பானிபூரியா?’ என்பார் என் வீட்டுக்காரர். பானிபூரிக்கு வயசு வரம்பு வைத்தது யார்?

அந்தத் தெருவில்தான் லூசியாவின் கடை. லூசியா பிரேசில்காரி. அவள் கணவன் ஆரோக்கியராஜ் நம் பக்கத்து ஆள் — வல்லத்துக்கு அருகே ஒரு கிறிஸ்தவ கிராமம். இருவரும் ஒரே கப்பலில் சமையல் வேலை பார்த்தவர்கள். அங்கேயே காதல், அப்புறம் கல்யாணம். லூசியா தமிழ் கற்றது மாமனார் வீட்டில். அதனால் அச்சு அசல் செஞ்சித் தமிழ். மாமனாரை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவாள். முதல் முறை கேட்டபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

கடைக்கு இடம் சுலபத்தில் கிடைக்கவில்லை. ‘பிரேசில்னா ஃபுட்பால்தானே, சாப்பாடு கூட இருக்குதா?’ என்று கேட்டே பலர் அனுப்பிவிட்டார்களாம். கடைசியில் மளிகைக்கடை தனபால், தன் கடையை ஒட்டிய அறையைக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு. “ஒரு மாசம் பாப்பேன். அக்கம்பக்கத்துல பேச்சு வந்துச்சுன்னா சாவியைக் குடுத்துடணும்.” கப்பலில் சம்பாதித்தது மொத்தத்தையும் புருஷனும் பெண்டாட்டியும் அந்த அறையில்தான் போட்டிருந்தார்கள். அது போனால் மறுபடி கப்பல்தான். ஆளுக்கொரு கப்பலாகக்கூட இருக்கலாம்.

திறப்பு விழாவுக்குச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவள் லூசியா. கறுப்பு பீன்ஸையும் கறியையும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் குழம்பு ஒன்று அவர்கள் நாட்டில் உண்டு. பெயர் ஃபெஜ்வாடா. அது சனிக்கிழமை மதியச் சாப்பாடாம். குடும்பமே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுமாம். அங்கே பன்றிக்கறி, இங்கே ஊருக்காக ஆட்டுக்கறி. இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

அது புரட்டாசி சனிக்கிழமை!

செஞ்சியில் புரட்டாசி என்றால் கறிக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். பல வீடுகளில் முட்டைகூட வாசல் தாண்டாது. சிங்கவரம் பெருமாள் கோயிலுக்குப் போகிற வண்டியில் நிற்க இடம் இருக்காது. லூசியாவுக்குத் தெரியாது, சரி. ஆரோக்கியராஜுக்கு? அவன் வீட்டில் தவக்காலம் உண்டு, புரட்டாசி ஏது? அதுவும் மீசை முளைத்த கையோடு கப்பலேறியவன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவில் மற்ற எல்லாருக்கும் தெரியும். மோமோக்காரர் அன்று சிக்கனை நிறுத்திவிட்டு முட்டைக்கோஸ் வைத்திருந்தார். குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்ட பானிபூரிக்காரர் முன்னா, என்னைப் பார்த்ததும் புலம்ப ஆரம்பித்தார்.

“நான் ஆரோக்கியராஜ்கிட்ட சொன்னேன்க்கா. இந்தச் சனிக்கெழம கறி வேணாம், ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு. ‘நான் இங்கயே பொறந்தவன், பீகார்லருந்து வந்து எனக்கே சொல்றியா’ன்னுட்டாரு. நான் இன்னா பண்றது?”

யோசித்துப் பாருங்கள். ஊரில் பிறந்தவனுக்கு ஊரைக் கவனிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிழைக்க வந்தவர் தினமும் கவனித்தாக வேண்டும். கவனிக்காவிட்டால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. செஞ்சியின் நாள்கிழமை பற்றி எனக்குச் சந்தேகம் வந்தால் இனிமேல் முன்னாவைத்தான் கேட்கப்போகிறேன்.

நான் கடைக்குப் போனபோது உச்சி வெயில். வாசலில் வாழைமரம், பலூன். தெரு முழுக்கக் கறி வாசனை. உள்ளே ஒரு ஆள் இல்லை. பக்கத்தில் தனபால், நெற்றி நிறைய நாமத்தோடு உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

அப்போது பார்த்து — “கோவிந்தா! கோவிந்தா!”

நாமம் போட்ட சொம்போடு வீடுவீடாக அரிசி வாங்க வரும் பக்தர்கள். லூசியாவின் முகம் மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து காத்திருந்த முதல் கூட்டம் அல்லவா? பாத்திரமும் கையுமாக வேறு நிற்கிறார்கள்! உள்ளே ஓடினாள். கரண்டி நிறையக் கறிக்குழம்போடு வந்தாள். நேராகச் சொம்புக்குள்...

“ஏய் ஏய் ஏய்!”

ஆரோக்கியராஜ் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். குழம்பு படியில் சிந்தியது. சொம்புக்காரர் துள்ளிக் குதித்துப் பின்னால் போனார். தனபால் எழுந்தே விட்டார். “போதும்ப்பா. சாயங்காலம் சாவியைக் குடுத்துடு.”

நடந்ததைப் புருஷன் விளக்கிச் சொன்னதும் லூசியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “பசியோட வந்தாங்கன்னு நெனச்சேன்க்கா... மொத நாளே போச்சே” என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் நான் கண் கலங்கிக்கொண்டே வேலை வாங்குகிற ஜாதி!

“அழுதது போதும். ஆரோக்கியம், அண்டாவை உங்க ஊருக்குக் கொண்டு போ. அங்க யாரும் புரட்டாசி பாக்கப் போறதில்ல” என்றேன். அண்டா ஆட்டோவில் ஏறியது. லூசியா வாசலைக் கழுவிவிட்டு வந்தாள். அந்த நிலைமையிலும் அவள் கேட்ட முதல் கேள்வி — “நீ சாப்டியாக்கா?”

“இன்னிக்கு ஒருபொழுதும்மா. ராத்திரி பூஜை முடிஞ்சாதான் சோறு.”

“அதுவரைக்கும் ஒண்ணுமே கூடாதா?”

“எங்க வீட்ல பழம், ஜவ்வரிசி, கெழங்கு சாப்புடலாம்...”

“கெழங்கா?”

உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். மரவள்ளிக்கிழங்கு மாவு. தினமும் காலையில் தனக்கென்று சுட்டுக்கொள்வாளாம். இதை ஏன் கடையில் போடவில்லை? “இது வீட்ல சாப்புடறது அக்கா. இதப்போயி யாரு காசு குடுத்து வாங்குவாங்க?” எந்த ஊர்ச் சமையல்காரிக்கும் இந்த வியாதி இருக்கும்போல.

“கறி பட்ட சட்டி கூடாது” என்றேன். பெட்டியிலிருந்து புதுத் தவாவை எடுத்து, ஸ்டிக்கரைச் சுரண்டிக் கழுவினாள். அடுப்பு வாசலுக்கு வந்தது. எண்ணெய் இல்லை, மாவைக் கரைப்பதும் இல்லை. லேசாக ஈரம் தெளித்த மாவைச் சலித்து அப்படியே தவாவில் தூவினாள். சூடு ஏற ஏற, பொடியெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று ரொட்டியாகிவிட்டது! நடுவில் தேங்காய்த் துருவல், வெல்லம். மடித்துக் கையில் கொடுத்தாள். ஓரம் மொறுமொறு, உள்ளே ஜவ்வு, கடித்தால் உருகிய வெல்லம்... பிரேசில்காரர்கள் ஃபுட்பாலில் மட்டும் கெட்டிக்காரர்கள் இல்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அடுத்ததை வாழையிலையில் வாங்கிக்கொண்டு நேராகத் தனபாலிடம் போனேன்.

“இன்னா எழுத்தாளரம்மா, சிபாரிசா?”

“சிபாரிசு இல்ல, பலகாரம். மரவள்ளி, தேங்கா, வெல்லம். புதுத் தவா, என் கண்ணால பாத்தேன்.”

“முட்டை?”

“இல்ல.”

“வெங்காயம்?”

“சத்தியமா இல்ல.”

வாங்கிக்கொண்டார். ஒரு வாய், இன்னொரு வாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வியாபாரி முகம்! இலையை மடித்துப் போட்டார். சாமான் வாங்க நின்றிருந்த அம்மாவிடம், “பக்கத்துல ஒருபொழுதுக்குப் பலகாரம் போடறாங்க, போயிப் பாருங்க” என்றார்.

அப்புறம் என்ன? கோயிலிலிருந்து திரும்பிய கூட்டம் ஒவ்வொன்றாக அந்தத் தெருவுக்குள் வந்தது. முன்னா தன் வண்டியை மனைவியிடம் விட்டுவிட்டுத் தேங்காய் துருவினார். நான் வெல்லம் தட்டினேன். சொம்புக்காரர்கூட வந்தார். சொம்பை மட்டும் முதுகுக்குப் பின்னால் பத்திரமாகப் பிடித்திருந்தார்.

இருட்டும் நேரம் தனபால் வந்து நின்றார். லூசியா சாவியை நீட்டினாள். நான் வெல்லம் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

“நீயே வெச்சுக்கம்மா. புரட்டாசி முடியற வரைக்கும் இதையே போடு” என்றார். பிறகு தெருவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஐப்பசி பொறந்ததும் மொத வேலையா அந்தக் கறியப் போட்டுடு. ஒருபொழுதோட காலையிலருந்து அந்த வாசனையில உக்காந்திருக்கேன்... கோவம் வராம பின்ன இன்னா வரும்?”

நியாயம்தானே? அதே ஒருபொழுதோடு அதே வாசனையில்தான் நானும் நின்றிருந்தேன் — என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!