அத்தை ரிமோட்டின் மேல் உட்கார்ந்த நாள்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு நோய் வந்தாலும் வைத்தியம் பெரியப்பாவின் வாயிலிருந்துதான் வரும். பாறசாலையில் இரும்புக்கடை வைத்திருந்தவருக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. மூத்தவர், அது போதும்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, எங்கள் வீட்டில் இருந்த அத்தைக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போய் அவள் படுத்துக் கிடந்ததற்குக் காரணம் அதுதான். நெய்யாற்றின்கரை டாக்டர், இது புற்றுநோய் இல்லை, கட்டியை மட்டும் எடுக்கலாம், கர்ப்பப்பையோடு சேர்த்தும் எடுக்கலாம், இரண்டிலும் நல்லதும் கெட்டதும் உண்டு என்று சொல்லி, ஒரு வீடியோவை அத்தையின் போனுக்கு அனுப்பினார். பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி கேட்டாராம். முடிவு என்றதும் விஷயம் பெரியப்பாவிடம் போய்விட்டது.

"முப்பத்தெட்டு வயசாச்சு, பிள்ளையும் இல்ல. இனி அது கிடந்து எதுக்கு? எடுத்துக் களஞ்சா தீந்துது" என்றார் அவர், கடையில் கிடக்கும் பழைய தகரத்தைச் சொல்வதுபோல. கல்ஃபில் இருந்த மாமாவும் போனில், உன் அண்ணன் சொல்வதுபோல் செய் என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தையைத் தவிர வீடியோவை ஒருவரும் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பெரியப்பா எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார். சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்தார்கள். ஜெபம் நடத்த வந்த சபை உபதேசியார் வேதபுத்தகத்தைத் திறப்பதற்குள் அத்தை எழுந்து டிவியைப் போட்டாள். பென்டிரைவை முன்பே செருகி வைத்திருந்தாள். திரையில் ஒரு பெண் டாக்டர் மலையாளத்தில் பேசத் தொடங்கினார். பக்கத்தில் கர்ப்பப்பையின் படம் இருந்தது. எனக்கு அது கொம்பு முளைத்த ஆட்டுத்தலை மாதிரி தெரிந்தது.

"எட்டி, அதை ஆஃப் ஆக்கு. ஆம்பிளைகள் இருக்கிய இடமாக்கும்" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

அத்தை ரிமோட்டை நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். "இருக்கட்டு அண்ணே. எனக்க வயித்தைப் பத்திப் பேசத்தானே எல்லாரும் வந்தது? அதுக்குள்ள என்ன உண்டுண்ணு ஒருக்கா பாருங்க."

இந்த மலையாளம் யாருக்குப் புரியும் என்று பெரியப்பா முனகினார். நாள் முழுக்க மலையாளச் செய்தி பார்க்கிற மனிதர்! ஆண்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் தொடங்கிவிட்டது என்று நானும் மூடிக்கொண்டு, பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பெண்கள் ஒருவரும் கண்ணை மூடவில்லை. பெரியம்மா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தாள்.

கட்டி இருந்தால் கர்ப்பப்பையை எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை, டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நோயாளியே முடிவு செய்யலாம் என்று சொல்லி வீடியோ முடிந்தது. சத்தம் நின்றதும் உபதேசியார் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார். கூடம் மொத்தமும் "ஆமென்" என்றது. பெரியப்பாவின் குரலும் அதில் இருந்தது.

அத்தை எழுந்து நின்றாள். "எல்லாரும் ஆமென் சொல்லியாச்சு. நான் கட்டியை மட்டும்தான் எடுக்கப் போறேன். இது எனக்க உடம்பாக்கும்."

சபையோடு சேர்ந்து சொன்ன ஆமெனைத் திரும்பப் பெற பெரியப்பாவுக்கு வழி தெரியவில்லை. அடுத்த வாரமே அத்தை பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் தன் முடிவைச் சொன்னாள். அப்படியே செய்தார்கள். அந்த வருடம் பெரியப்பா எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கேக் அனுப்பவில்லை. அத்தை தானே ஒன்று செய்து அவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தவளிடம், இனிமேல் பாப்பா வருமா என்று நான் கேட்டிருந்தேன். அவ்வளவு சண்டையும் அதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

"வந்தா வரட்டு, வரல்லேண்ணா போகட்டு மக்கா" என்று சிரித்தாள்.

பாப்பா வரவில்லை. அத்தை தோற்றுப்போனாள் என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.