கையுறை மாட்டிய கிழங்கு

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கேஸை மூடிவிட்டுப் படுத்தால் எழுந்துபோய் மறுபடியும் தொட்டுப் பார்ப்பேன். பஸ் வருவதற்கு வெகு முன்பே நிறுத்தத்தில் போய் நின்று, அது வரும் திசையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொள்வேன். இந்தப் புத்திக்கு ஏற்ற வேலைதான் வாய்த்தது. கார் மோதியதும் உள்ளே காற்றுப் பை விரிய வேண்டும். குறித்த நேரத்துக்குப் பிறகு விரிந்தால் விரிந்தும் பயனில்லை. அதை இயக்கும் கணினி நிரல் எந்த நிலையிலும் அந்தக் கெடுவைத் தாண்டாது என்று நிரூபிப்பதுதான் என் ஆராய்ச்சி. பெரும்பாலும் சட்டென்று முடித்துவிட்டு எப்போதாவது ஒருமுறை காலை வாருகிற நிரலை நாங்கள் சீண்ட மாட்டோம். மெதுவாக இருக்கட்டும், சொன்ன நேரத்துக்குள் முடித்தால் போதும். இதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

இந்த முறை மிளகு பறிக்கும் சமயத்தில் லீவு போட்டுக் கொல்லிமலைக்கு வந்தேன். திண்ணனூர் நாடு என்கிற ஊர்த் தொகுதியில், ரோடு முடிந்து கொஞ்சம் நடந்தால் அண்ணன் வீடு. கொட்டகையில் கிழங்கு சீவும் மெஷின் ஒன்றை அண்ணன் வைத்திருக்கிறார். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அதன் வாயில் திணித்தால், உள்ளே சுழலும் கத்திகள் வில்லை வில்லையாகச் சீவித் தள்ளும். பாறையில் காயவைத்து லாரியில் ஏற்றுவார்கள். திணிப்பது அண்ணியின் வேலை.

அண்ணன் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு அந்த மெஷினுக்கு ஒரு காவல் செய்திருந்தார். ரப்பர் கையுறையின் விரல் நுனிகளில் சிறு காந்தங்கள். காந்தம் வாயை நெருங்கினால் பக்கத்தில் பொருத்திய சின்ன மின்பலகை அதை உணர்ந்து, மோட்டாரை அணைத்து பிரேக்கைப் பிடித்துவிடும். ஒரு கிழங்குக்குக் கையுறை மாட்டி உள்ளே விட்டுக் காட்டினார். கத்தி டக்கென்று நின்றது. அவர் சட்டைப் பையில் போன் கூவியது.

"பாத்தியா கண்ணு? நின்னா போனுக்கே சேதி வந்துரும். நான் காட்டுல இருந்தாலும் தெரிஞ்சுக்கலாம்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அண்ணி வேலை செய்வதைப் பார்த்தேன். முன்பெல்லாம் கிழங்கின் கடைசித் துண்டை மாட்டுக்கு ஒதுக்கிவிடுவார். இப்போது கையுறை தந்த தைரியத்தில், என் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே கடைசிவரை தள்ளினார்.

"பார்த்து அண்ணி."

"அதுவே நின்னுக்கும் கண்ணு. நீ டீயக் குடி."

டீ இறங்கவில்லை. காலையெல்லாம் கையுறை மாட்டிய கிழங்கை விட்டு விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நின்றது. வாசலுக்குப் போவேன், இரண்டு நடை நடப்பேன், திரும்பி வந்து இன்னொரு முறை விடுவேன். அண்ணனுக்குக் கடுப்பு ஏறியது.

"இத்தன தடவ நின்னுச்சல்ல? இன்னும் என்னத்துக்கு நோண்டற?"

மதியத்துக்கு மேல் மேகம் இறங்கியது. கொட்டகைக்கு வெளியே மரங்கள் மறைந்தன. போனில் டவர் போனது. மறுபடியும் விட்டேன். நின்றது. உடனே இன்னொன்றை விட்டேன். நிற்கவில்லை. கையுறையின் விரல் ஒன்று கிழங்கோடு சேர்ந்து வில்லையாகி விழுந்தது. அதற்குப் பிறகுதான் மெஷின் நின்றது.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் பலகை ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். முந்தைய சேதியை அனுப்ப டவரைத் தேடிக்கொண்டிருந்தது. தேடி முடிக்கும்வரை மெஷின் வாயைப் பார்க்கவே இல்லை.

சேதி அனுப்பும் பகுதியை எடுத்துவிட்டு, வாயைப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையே இல்லாதபடி நிரலை எழுதினேன். எவ்வளவு தாமதமானாலும் விரல் போய்ச் சேர்வதற்குள் கத்தி நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, மோட்டாரின் வேகத்தையும் குறைத்தேன். அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். வில்லைகள் ஆடி அசைந்து விழுந்தன.

"இத்தன வருசம் படிச்சது மெதுவாக்கறதுக்கா? நாளன்னிக்கு லாரி வருது கண்ணு."

நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பழைய நிரலையே ஏற்றிவிட்டார்.

"மேகம் எறங்கினா நிறுத்திக்கறோம், விடு. ஒருக்காதான ஏமாத்துச்சு? அதுவும் கெழங்குலதான?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாற்றுக் கையுறை ஜோடியை மாட்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். ஒருமுறை விரலைக் காட்டிக் கத்தியை நிறுத்தினேன். பலகை டவரைத் தேடும்போதே மறுபடியும் ஓடவிட்டு, சின்னக் கிழங்காகப் பார்த்து எடுத்து உள்ளே தள்ளினேன். வெளியே மேகம் கலையவில்லை. உண்மையிலேயே கடைசிவரை தள்ளியிருப்பேனா என்று இன்றும் தெரியவில்லை. அண்ணன் பாய்ந்து ஸ்விட்சை அடித்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு? வெரலு போயிருந்தா?"

அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை.

கொட்டகை வாசலில் அண்ணி கிழங்குக் கூடையோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருமே கவனிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்தார்.

"ஏனுங்க, இந்தக் கையுறைய மாட்டிக்கிட்டு ஒரு மாசமா நாந்தானுங்க போடறேன்."

குரலில் கோபம் இல்லை. அண்ணன் என் கையை விட்டுவிட்டு மெஷினைப் பார்த்தார். எனக்கும் கண்களை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அண்ணி என் கைகளிலிருந்து கையுறைகளை உருவி, மெஷின் மூடிமேல் வைத்தார்.

"நாளையிலிருந்து நீங்க போடுங்க. நான் பாறையில காயவெக்கறேன்."

அவர் போன பிறகு நான் கொட்டகைக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் அண்ணன் தலை நிமிராமல் சொன்னார்.

"உன்றதையே ஏத்து கண்ணு. மெதுவாவே ஓடட்டும்."

ஏற்றினேன். அவர் கையுறை ஒன்றை எடுத்து மாட்டப் பார்த்தார். இழுத்தார், விரல்களை மடக்கி மறுபடியும் நுழைத்துப் பார்த்தார். அண்ணியின் கை அளவுக்கு வாங்கிய கையுறை. அவருடைய விரல்கள் பாதிக்கு மேல் போகவில்லை.